சுரங்கக் கழிவைக் கடல் அலசிவிடுமா? கழிமுகத்தில் என்ன நடக்கிறது

கேள்வி இது: "சுரங்கக் கழிவு கலந்தால் ஆறு கெடும், அது புரிகிறது. ஆனால் கழிமுகத்துக்கு வந்துவிட்டால் கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்கி அலசிவிடுமே, அங்கேயும் பெரிய பாதிப்பு இருக்குமா? சுரங்கத்தை மூடிவிட்டால் எத்தனை வருடத்தில் சரியாகும்?"

அலசாது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் போவதும் வருவதும்தான் கண்ணில் படும், அதனால் அப்படித் தோன்றுகிறது. போவது தண்ணீர்தான். அது சுமந்து வந்ததில் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடுகிறது. சுரங்கம் மலையில் இருந்தாலும் அதன் கணக்கு கழிமுகச் சேற்றில்தான் சேர்கிறது. சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தேறாத கழிமுகங்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் கழிவு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். தாதுவில் செம்பு வெறும் ஒரு சதவீதம் இருந்தால்கூட அது தோண்டத் தகுந்த சுரங்கம்தான். அந்த ஒரு பங்கைப் பிரித்தெடுக்க மிச்சம் 99 பங்குப் பாறையையும் மாவாக அரைக்க வேண்டும். ஆக ஒரு டன் செம்புக்குக் கிட்டத்தட்ட நூறு டன் கல்மாவு மிஞ்சும். துறையில் இதை டெய்லிங்ஸ் என்பார்கள். ஆற்றின் வேகத்தில் இந்த மாவு மிதந்தே வந்துவிடும். கடலை நெருங்கும்போது வேகம் குறைகிறது, உப்பும் சேர்கிறது. நன்னீரில் நுண்துகள்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். உப்பு பட்டதும் அந்த விலக்கம் போய்விடும். பாலில் எலுமிச்சை பிழிந்தது மாதிரி எல்லாம் திரிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் இறங்கிவிடும்.

அப்புறம் இன்னொரு சங்கதி. உப்புத் தண்ணீர் கனமானது. பல கழிமுகங்களில் மேல்மட்டத்தில் ஆற்று நீர் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அடிமட்டத்தில் கடல் நீர் உள்நோக்கி நகர்ந்து வரும். மேலே வந்த துகள் கீழே இறங்கியதும் இந்த அடியோட்டம் அதைத் திரும்பவும் உள்ளே தள்ளும். அலசும் என்று நாம் நம்பும் கடலே கழிவை உள்ளே நிறுத்தி வைக்கிறது.

கரைந்து வரும் உலோகங்களின் கதை வேறு. செம்பு, காரீயம், துத்தநாகத் தாதுக்களோடு பெரும்பாலும் பைரைட் என்ற கல் சேர்ந்தே இருக்கும். இரும்பும் கந்தகமும் கலந்த கல் அது. பூமிக்குள் கிடக்கும்வரை சாது. தோண்டி எடுத்து, காற்றும் மழையும் பட விட்டால் கந்தக அமிலம் உண்டாக்கத் தொடங்கும். சில வகை பாக்டீரியாக்களுக்கு இதுவே பிழைப்பு என்பதால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். அந்த அமிலம் பாறையில் மிச்சமிருக்கும் செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். பிஹெச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும். அது 3 என்ற ரகத்தில் வரும் இந்தத் தண்ணீர், 8ஐ ஒட்டிய கடல் நீரைச் சந்திக்கும்போது இரும்பு ஆரஞ்சு நிறத் துருவாகப் பிரிந்து விழுகிறது. விழும்போது செம்பையும் காரீயத்தையும் ஆர்சனிக்கையும் கூடவே பிடித்துக்கொண்டு போகிறது. துத்தநாகம் அவ்வளவு சுலபத்தில் படியாது. காட்மியம் இன்னும் மோசம்: துகளோடு ஒட்டி வந்ததுகூட உப்பில் உள்ள குளோரைடோடு சேர்ந்து மறுபடி நீரில் கரைந்துவிடும். நீரை வடிகட்டியே சாப்பிடும் மட்டிகளுக்கும் சிப்பிகளுக்கும் அது நேராகப் போய்ச் சேரும்.

இவையெல்லாம் ஒரே இடத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியா தீவுக்குப் போக வேண்டும். அதன் மேற்குக் கரையில் மக்வாரி துறைமுகம் என்று ஒரு பெரிய உள்வாங்கிய கழிமுகம் இருக்கிறது. பரப்பில் சிட்னி துறைமுகத்தைப் போல ஆறு மடங்கு என்று சொல்வார்கள். கடலுக்குத் திறக்கும் வாய் மட்டும் குறுகலானது, ஆழமில்லாதது. நரக வாசல் என்று பெயர். உள்ளே ஒரு தீவில் 1822 முதல் 1833 வரை கைதிகளை அடைத்து வைத்திருந்த காலத்துப் பெயர் அது. ஓத ஏற்ற இறக்கமும் மிகச் சிறியது. அலசல் குறைவு, தேக்கம் அதிகம்.

இந்தக் கழிமுகத்தில் விழும் ஆறுகளில் ஒன்று கிங் ஆறு. அதன் கிளை ஆறான குவீன், குவீன்ஸ்டவுன் என்ற ஊருக்குள் ஓடுகிறது. அங்கே மவுன்ட் லையல் செம்புச் சுரங்கம் 1890களில் எழுந்தது. உருக்காலைக்கு மரம் வெட்டினார்கள், ஆலை கக்கிய கந்தகப் புகை மிச்சமிருந்த செடிகொடியைக் கருக்கியது, நல்ல மழை பெய்யும் அந்தப் பிரதேசத்தில் மலைகளின் மேல்மண் முழுவதும் ஆற்றோடு போனது. மொட்டை மலைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிற அளவுக்கு. ஆனால் கழிமுகத்தைப் பொறுத்தவரை மலை முக்கியமில்லை. இருபதாம் நூற்றாண்டில் தாதுவை மாவாக அரைக்கும் முறை வந்த பிறகு, மிஞ்சிய கல்மாவை 1994 டிசம்பர் வரை குவீன் ஆற்றிலேயே விட்டார்கள். அணை இல்லை, குட்டை இல்லை, ஆறுதான் குழாய். மொத்தம் சுமார் 10 கோடி டன். கிங் ஆறு துறைமுகத்தில் சேரும் இடத்தில் இந்தக் கழிவே படிந்து புதிதாக ஒரு டெல்டா உருவானது. தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதி மட்டும் சுமார் 250 ஹெக்டேர். புல் முளைக்காத, மஞ்சளும் சாம்பலுமாகப் படிந்து கிடக்கும் நிலம்.

டெல்டா என்றால் நமக்கு வளம் நினைவுக்கு வரும். இந்த டெல்டாவில் இருப்பது பைரைட். நீர்மட்டம் தாழும்போதெல்லாம் மேல்பகுதிக்குக் காற்று பட்டு அமிலம் உண்டாகிறது, அடுத்த ஏற்றத்தில் அந்த அமிலமும் செம்பும் துறைமுகத்துக்குள் போகிறது. கொட்டுவதை நிறுத்தினாலும் கொட்டியது தன் வேலையைத் தொடர்கிறது. மலையில் உள்ள பழைய குடைவுகளிலிருந்தும் பாறைக் குவியல்களிலிருந்தும் வழியும் அமிலத் தண்ணீர் தனி. 1990களின் நடுவில் கணக்கிட்டபோது அதில் நாளொன்றுக்குச் சுமார் 2 டன் செம்பு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கடல்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பான செம்பின் அளவாக ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் சொல்வது ஒரு லிட்டர் நீரில் 1.3 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அதோடு ஒப்பிட்டால் 2 டன் என்பது என்னவென்று தெரியும்.

இங்கே தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று வருகிறது. 1999இல் இந்தச் சுரங்கத்தை வாங்கியது ஸ்டெர்லைட் குழுமம். அங்கே செறிவூட்டிய செம்புத் தாது கப்பலேறித் தூத்துக்குடி உருக்காலைக்கு வந்தது. நியாயமாகச் சொன்னால் ஆற்றில் கழிவு கொட்டுவது அவர்கள் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது, கழிவுக்குத் தனி அணையும் இருந்தது. ஆனால் பழைய மாசுக்குப் புதிய முதலாளி பொறுப்பல்ல என்று டாஸ்மானியாவில் அதே 1999இல் தனிச் சட்டமே போட்டார்கள். முந்தைய நிறுவனமோ கதவை மூடிவிட்டுப் போயாயிற்று. அப்படியானால் 10 கோடி டன்னுக்கு யார் பொறுப்பு? அரசு, அதாவது வரி கட்டுகிறவர்கள். தொழிலாளர்கள் மூன்று பேர் விபத்துகளில் இறந்த பிறகு 2014இல் சுரங்க வேலை நின்றது. அமிலத் தண்ணீர் வழிவது நிற்கவில்லை.

இந்தக் கதையில் எதிர்பாராத ஒரு திருப்பமும் உண்டு. இன்னொரு பெரிய ஆறான கார்டன், காட்டுக்குள்ளிருந்து தேநீர் நிறத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. மக்கிய இலைதழைகளின் சாறு அது. இந்தக் கரிமப் பொருள்கள் செம்பைப் பிடித்துக் கட்டிப்போடுவதால், அளவைப் பார்த்துப் பயந்ததைவிட உண்மையான நச்சு குறைவாக இருக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. ஆக, நீரில் மொத்தம் எவ்வளவு செம்பு இருக்கிறது என்ற ஒரு எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. இதை நிறுவனங்களின் வழக்கறிஞர்களும் நன்றாக அறிவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதேபோல் எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போடவும் கூடாது. அந்தத் துறைமுகத்தின் அடியில் மாஜியன் ஸ்கேட் என்ற திருக்கை இனம் வாழ்கிறது. 1988இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இன்று உலகில் அதற்குக் கிட்டத்தட்ட இது ஒன்றே வீடு. 2014க்கும் 2021க்கும் இடையில் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதற்கு முதல் காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது அடிநீரில் ஆக்ஸிஜன் குறைந்ததை. அதில் பெரும் பங்கு சால்மன் மீன் பண்ணைகளுக்கு, கொஞ்சம் நீர்மின் அணைகள் மாற்றிவிட்ட ஆற்றோட்டத்துக்கு. சுரங்கம் விட்டுச்சென்ற சேற்றின் மேல் அடுத்தடுத்து வேறு சுமைகள் ஏறின.

சரி, உயிர்களுக்கு என்னதான் ஆகிறது? முதல் அடி விஷமே அல்ல, மூடல். கழிமுகத் தரையில் புழு, மட்டி, நண்டுக் குஞ்சு, சிறு கூனி எல்லாம் சேற்றில் துளைபோட்டு மூச்சு விட்டு வாழ்கின்றன. ஒரே மாதிரியான, கூழ்போன்ற கல்மாவு மேலே தொடர்ந்து விழுந்தால் துளை அடைபடும். சத்து எதுவும் இல்லாத மாவு என்பதால் தின்பதற்கும் ஒன்றும் இருக்காது. அவற்றைத் தேடி வரும் மீனும் கரைப்பறவைகளும் வருவது நின்றுவிடும். கலங்கல் வெளிச்சத்தை மறைப்பதால் கடற்புல் காயும். அலையாத்தி மரங்கள் மூச்சு வேர்களை மேலே நீட்டி வைத்திருப்பதும் இந்தச் சேறு மூடினால் பயனில்லை.

விஷம் இரண்டாவதாக வருகிறது, பெரும்பாலும் குஞ்சுகளையே பிடிக்கிறது. வளர்ந்த மீன் நீந்தித் தப்பிவிடும். சிப்பியின் முட்டையும் இளம்புழுவும் தப்ப முடியாது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பே அவற்றுக்கு ஆபத்தாக முடியும். அதனால் ஒரு கழிமுகத்தில் செத்த மீன் ஒன்றுகூட மிதக்காமலே அடுத்த தலைமுறை வராமல் போகலாம். மீன் செத்து மிதந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பாதிப்பில்லை என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஃபால் கழிமுகத்தின் ஒரு கிளையாக ரெஸ்ட்ராங்கெட் க்ரீக் என்ற ஓடைவாய் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காக வெள்ளீயமும் செம்பும் எடுத்த மலைகளின் தண்ணீர் கார்னன் ஆற்று வழியாக அங்கே வடிகிறது. அந்தச் சேற்றில் வாழும் ஒருவகைப் புழு, மற்ற இடத்துப் புழுக்கள் செத்துவிடுகிற செம்பிலும் தாக்குப்பிடிக்கிறது. பழகிப்போனதல்ல, தாங்க முடிந்தவை மட்டும் பிழைத்துத் தலைமுறையாக வந்த இனம். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் புழுவின் உடம்பில் செம்பு நிறைந்திருக்கும், அதைத் தின்கிற மீனுக்கும் பறவைக்கும் அந்தத் தாங்கும் திறன் கிடையாது. அந்தக் கழிமுகத்துச் சிப்பிகள் செம்பு ஏறிப் பச்சை நிறமாகிப்போனதும் பழைய செய்தி.

அதே இடத்தில்தான் மூடிய சுரங்கம் என்ன செய்யும் என்பதற்கும் பாடம் கிடைத்தது. வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டு, தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். குடைவுகளுக்குள் நீர் மெல்ல ஏறியது. 1992 ஜனவரியில் ஒரு பழைய வடிகால் குடைவின் அடைப்பு உடைந்து, பல கோடி லிட்டர் அமிலத் தண்ணீர் ஒரே மூச்சில் கார்னன் ஆற்றில் பாய்ந்தது. ஃபால் கழிமுகத்தில் ஆரஞ்சு நிறம் பரவியது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே தண்ணீரை இறைத்து, சுண்ணாம்பு போட்டுச் சுத்திகரித்துத்தான் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை செய்யும் சுரங்கத்தைவிடக் கைவிட்ட சுரங்கம் கழிமுகத்துக்கு ஆபத்தானதாக இருக்கலாம், ஏனென்றால் பம்புக்குக் கரண்ட் பில் கட்ட ஆள் இல்லை.

பைரைட்டும் அமிலமும் இல்லாத கழிவு என்றால் பயமில்லையா? பிரேசில் அதற்குப் பதில். 2015 நவம்பர் 5 அன்று மரியானா நகருக்கு அருகே சமார்கோ நிறுவனத்தின் ஃபுண்டாவ் கழிவு அணை உடைந்தது. வாலே, பிஹெச்பி என்ற இரண்டு பெரிய சுரங்க நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. 19 பேர் இறந்தார்கள். சுமார் 4 கோடி கன மீட்டர் இரும்புத் தாதுக் கழிவு டோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரண்டு வாரம் கழித்து ரெஜென்சியா என்ற கடற்கரைக் கிராமத்தை அடைந்தது. கடலாமைகள் முட்டையிடும் கரை அது. கழிவு வெறும் இரும்பும் மணலும்தான், நச்சில்லை என்று நிறுவனம் சொன்னது.

இரும்புத் துரு தனியாக நச்சில்லைதான். சிக்கல் என்னவென்றால் அது வழியெல்லாம் மற்ற உலோகங்களைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு வரும். கழிமுகச் சேற்றில் சில விரற்கடை ஆழத்துக்குக் கீழே ஆக்ஸிஜன் கிடையாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவை வைத்தே மூச்சு விடும். அப்போது துரு கரைந்து, ஒட்டியிருந்தவை எல்லாம் விடுபடும். டோசே கழிமுகத்தில் அணை உடைந்து இரண்டு வருடம் கழித்து அளந்தபோது, சேற்றில் மாங்கனீஸ் குறைந்து நீரில் கூடியிருந்தது. வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்து, கேமராக்கள் போன பிறகு வந்த இரண்டாம் பாதிப்பு அது. 2016 பிப்ரவரியில் ஆற்று முகப்பை ஒட்டிய கடலில் மீன்பிடிக்க நீதிமன்றம் தடை போட்டது, கடலை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் நஷ்டஈட்டு வரிசையில் போய் நின்றன.

இதே ஆக்ஸிஜன் இல்லாத சேறு, சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் உள்ள இடங்களில் நேர்மாறாக உதவியும் செய்யும். செம்பும் துத்தநாகமும் சல்ஃபைடோடு சேர்ந்து கரையாத வடிவத்தில் பூட்டிக்கொள்ளும். யாரும் தொடாதவரை பாதகமில்லை. தூர் வாரினாலோ படகுத்துறைக்கு ஆழப்படுத்தினாலோ காற்று பட்டுப் பூட்டு திறக்கும். பாதரசத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. தங்கம் எடுக்கப் பாதரசம் பயன்படுத்திய ஆறுகளின் கழிமுகங்களில், அதே சேற்று பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சு வடிவமாக மாற்றி மீனுக்குள் ஏற்றிவிடும்.

எத்தனை வருடத்தில் சரியாகும் என்று கேட்டால், மேலே அமில ஊற்று நிற்காதவரை கடிகாரமே ஓடத் தொடங்காது என்பதுதான் என் பதில். ஸ்பெயினின் டின்டோ, ஓடியல் ஆறுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் வருடமாகத் தாது எடுக்கிறார்கள், அவை சேரும் உவெல்வா கழிமுகம் இன்றும் அமிலத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஊற்றை அடைத்தால் நீர் சில வருடங்களில் தெளியும். சேறு தேறுவது புதுச் சேறு மேலே படிந்து பழையதைப் புதைக்கும் வேகத்தைப் பொறுத்தது, அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். மொத்தச் சேற்றையும் வாரி எடுத்துவிடலாமே என்பார்கள். எடுத்து எங்கே போடுவது, எடுக்கும்போது கலங்குவதை யார் தடுப்பது? பெரும்பாலான இடங்களில் தொடாமல் விடுவதே குறைந்த தீமை.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உதாரணம் கோவா. மண்டோவி, சுவாரி ஆறுகளின் மேல்பகுதியில் இரும்புத் தாது எடுத்து, கழிமுகம் வழியாகவே படகுகளில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அமிலம் பெரிய பிரச்சினை இல்லை. பருவமழையில் குவியல்களிலிருந்து அடித்து வரும் செம்மண் சேறுதான் பிரச்சினை, அது ஓடைகளையும் கழனிகளையும் மேவியது. 2012இல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களை நிறுத்தியதற்குச் சட்ட மீறல்களோடு இந்தச் சூழல் சேதமும் காரணம்.

நம்மூரில் ஒரு சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், சுற்றுச்சூழல் அறிக்கையில் ஆய்வுப் பரப்பு எது என்று முதலில் பாருங்கள். வழக்கமாகச் சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டிருப்பார்கள். குவீன்ஸ்டவுனிலிருந்து துறைமுகக் கரைக்கு ஆற்றை ஒட்டிப் போகும் ரயில் பாதையே 35 கிலோமீட்டர், டோசேயில் 600க்கு மேல். கழிமுகம் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அங்குள்ள மீனவர்களுக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது. நீர் மாதிரி மட்டும் எடுத்திருந்தால் போதாது என்று சொல்லுங்கள். சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே கழிமுகச் சேற்றில் ஆழம் ஆழமாக மாதிரி எடுத்து, முடிவை ஆவணமாக வைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு வழக்கு என்று போனால், இந்த உலோகம் முன்பே இருந்ததா, சுரங்கத்தால் வந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஒரு ஆவணம்தான் கையில் இருக்கும்.